கண்மாயை இலவசமாகத் தோண்டித் தருகிறேன் என்கிறார், மண் மட்டும் அவருக்காம். சம்மதிக்கலாமா?

கீழமடை:

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு ஒரே கண்மாய். ஆயக்கட்டு (அதிலிருந்து பாய்கிற நிலம்) எண்பது ஏக்கருக்குள் வரும், ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மூன்று மடையில் ஒன்று அடைந்தே போய்விட்டது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். போன ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தும் பாதிகூட நிரம்பவில்லை. தை பிறக்கும்போது மாடு இறங்கிக் குடிக்கிற அளவுதான் தண்ணீர் கிடந்தது.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்துப் பணம் வசூலித்தோம். நான் காரைக்குடியில் வேலை பார்க்கிறேன், வாராவாரம் ஊருக்குப் போவதால் பொறுப்பு என் தலையில். இந்த நேரத்தில் பொக்லைன், டிப்பர் எல்லாம் வைத்திருக்கிற ஒருவர் தேடி வந்து, "பைசா வேண்டாம் தம்பி. மொத்தக் கண்மாயையும் ஆள் உயரத்துக்குத் தோண்டித் தருகிறேன், கருவையையும் நானே பிடுங்கிக்கொள்கிறேன். மண் எனக்கு" என்கிறார்.

குழுவில் முக்கால்வாசிப் பேர் "உடனே சரி சொல்லு" என்கிறார்கள். வசூலித்த பணத்தில் கோயில் மண்டபத்துக்குக் கூரை போடலாம் என்றுகூட ஒருவர் கிளம்பிவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் மட்டும் முகம் சுளிக்கிறார்கள். காரணம் கேட்டால் "வேண்டாம்னா வேண்டாம்" என்பதோடு சரி. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலுமுனை:

ஒரு டிப்பர் மண் உங்கள் பக்கம் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரித்தீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். இலவசம் யாருக்கு என்பது தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

தம்பி, பெரியவர்கள் காரணம் சொல்லாவிட்டாலும் அவர்கள் சொல்வது சரி. நான் சொல்கிறேன்.

அடைபடாத இரண்டு மடைகளுக்குப் போய், மடையின் அடிமட்டம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர் உள்ளே நுழைகிற அந்தக் கல்லின் மட்டம்தான் கணக்கு. அதற்குக் கீழே ஓரடி தோண்டினாலும் ஆறடி தோண்டினாலும், அங்கே தேங்குகிற தண்ணீர் புவியீர்ப்பில் வயலுக்குப் போகாது. மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும். "ஆழம் கூடினால் தண்ணீர் கூடும்" என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கூடும், ஆனால் குட்டையாகக் கூடும். ஆடு மாடு குடிக்கவும் மீன் உயிர் பிழைக்கவும் ஓர் ஓரத்தில் கிடங்கு மாதிரி ஆழம் இருப்பது நல்லதுதான், அந்தக் காலத்திலும் அப்படித்தான் விட்டார்கள். மொத்தக் கண்மாயையும் ஆள் உயரத்துக்குத் தோண்டுவது வேறு காரியம்.

அப்புறம், கண்மாயின் அடியில் பல காலமாகப் படிந்த களிமண் இருக்கும். அதுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கிற பாத்திரம். மேலே கிடக்கிற வண்டலை வழிக்கலாம். அந்தக் களியையும் வெட்டிச் சரளையைத் தொட்டுவிட்டால் கார்த்திகையில் நிரம்பினது மார்கழியில் காணாமல் போகும். மண் வியாபாரிக்கு வண்டலில் பெரிய லாபம் கிடையாது. வீட்டு மனைக்கும் ரோட்டுக்கும் நிரப்ப அவருக்குத் தேவை அடியில் இருக்கிற சவுடு மண். அதனால்தான் "ஆள் உயரம்" என்கிறார். லாரிக்கு வசதியாகக் கரையின் காலடியிலேயே தோண்ட ஆரம்பிப்பார்கள். முதல் பெருமழையில் கரை சரியும்.

சட்டமும் இருக்கிறது. வண்டல் மண்ணை விவசாயி தன் நிலத்துக்கு இலவசமாக எடுக்கலாம். நஞ்சை என்றால் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சை என்றால் 90, மண்பாண்டம் செய்பவருக்கு 60. 2024-இலிருந்து தாசில்தார் அளவிலேயே அனுமதி வாங்கலாம், முன்பு போலக் கலெக்டர் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் இது சொந்த உபயோகத்துக்கு. டிப்பரில் ஏற்றி விற்பதற்கு இல்லை. அவருக்கு நீங்கள் "சரி" என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் கேள்வி உங்களிடமும் வரும்.

நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே ஒன்றியத்திடம். உங்களுடையது ஒன்றியம். அங்கே இருக்கிற பொறியாளரிடம் எழுத்தில் மனு கொடுத்து, மட்டம் எடுத்து, அதாவது எதுவரை தோண்டலாம் என்று அளந்து, தரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் எந்த இயந்திரமும் உள்ளே இறங்க வேண்டாம்.

கடைமடைப் பையன்:

ஐயா சொல்வதில் பாதி சரி. ஆனால் "மனு கொடு, மட்டம் எடு, காத்திரு" என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வருடம் போய்விட்டது. நான் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டுப் போனது. அடுத்த வருடம் பேராவூரணிப் பெரியகுளத்தில் ஊர் இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். ஐந்நூறு ஏக்கருக்கு மேல் இருக்கிற குளம். எந்தத் துறையும் வந்து கையைப் பிடித்து நடத்தவில்லை. அனுமதி வாங்கினார்கள், ஆயிரம் ரூபாய், ஐந்நூறு ரூபாய் என்று சனங்களிடம் சேர்த்தார்கள், இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தார்கள், வெட்டின மண்ணைக் கரையிலேயே கொட்டிப் பலப்படுத்தினார்கள். அதைப் பார்த்துத்தான் சுற்றுவட்டாரத்தில் நிறைய ஊர்கள் எழுந்தன.

மண்ணை வெளியே விற்க விடாதீர்கள், அதில் எனக்கும் ஐயாவுக்கும் ஒரே கருத்து. ஆனால் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள். ஊரில் பையன்களுக்கு இப்போது இருக்கிற வேகம் ஆறு மாதம் கழித்து இருக்காது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

உட்காரச் சொல்லவில்லையே. மட்டம் எடுக்க ஒரு நாள் போதும். தம்பி சொன்னதிலேயே விஷயம் இருக்கிறது: அனுமதி வாங்கினார்கள், வாடகை கொடுத்தார்கள், மண் கரைக்குப் போயிற்று. இந்த மூன்றும் கீழமடை தம்பிக்கு வந்த யோசனையில் இல்லை.

இன்னொன்று கேட்கிறேன். நல்ல மழை பெய்தும் பாதிகூட நிரம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தூர்ந்த கண்மாய் சீக்கிரம் நிரம்பி மறுகால் போக (வழிந்து ஓட) வேண்டும். நிரம்பவே இல்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற வரத்துக்காலை நடந்து பார்த்தீர்களா?

நத்தைகுத்தி:

நான் மதுரையில் இருந்து அடிக்கடி உங்கள் பக்கம் பறவை பார்க்க வருகிறவள். வேட்டங்குடி பறவைச் சரணாலயம் உங்களுக்குப் பக்கம்தானே? அங்கே கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருப்பது உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஊர்க்காரர்களின் அந்தக் கட்டுப்பாடு அதற்கு முன்பே இருந்தது.

நான் கேட்பது இதுதான்: உங்கள் கண்மாயில் என்னென்ன கூடு கட்டுகின்றன? நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், சாம்பல் நாரை, நீர்க்காகம் எல்லாம் நீருக்குள் நிற்கிற மரத்தைத்தான் தேடும். நாட்டுக்கருவேலம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் சீமைக்கருவேலத்திலேயே கட்டிவிடும். மழைக்காலத்தில் வந்தவை குஞ்சு பொரித்துப் பறக்கப் பங்குனி ஆகும். அதற்குள் பொக்லைன் இறங்கினால் குஞ்சோடு மரம் போகும். அப்படிப் போனதை வேறோர் ஊரில் நேரிலேயே பார்த்தேன். நாய்கள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.

அப்புறம் ஒரே ஆழமாகத் தோண்டின கண்மாய்க்கு முக்குளிப்பானும் நீர்க்காகமும் வரும், உள்ளான் வராது. உள்ளானுக்கும் கொக்குக்கும் கணுக்கால் அளவு தண்ணீர் வேண்டும். ஓரம் சரிவாக இருந்தால்தான் அந்தத் தண்ணீர் கிடைக்கும். மாடு இறங்கவும் அந்தச் சரிவுதான் வேண்டும், குழந்தைகள் தவறி விழாமல் இருக்கவும். செங்குத்தாக வெட்டின குழியில் ஆள் செத்த செய்தி வருடா வருடம் வருகிறது.

ஆப்பநாட்டான்:

சீமைக்கருவேலத்துக்கும் வக்காலத்தா? அது நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றில் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிறது, அது இருக்கிற இடத்தில் மழையே பெய்யாது. வேரோடு பிடுங்கி எறிய வேண்டும். நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நத்தைகுத்தி:

வக்காலத்து வாங்கவில்லை. அது நம் கண்மாய்களுக்குப் பிடித்த பீடைதான், புல்லையும் நாட்டு மரத்தையும் எழவிடாது. ஆனால் "காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, மழையை விரட்டுகிறது" என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது, சில மாதங்களிலேயே சென்னையில் இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அரசு அந்நியக் களைத்தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. அகற்றுவதோடு அந்த இடத்தில் என்ன வளர்ப்பது என்பதும் அதில் சேர்ந்ததுதான். பிடுங்கிவிட்டு வெறும் தரையாகப் போட்டால் அடுத்த மழைக்கு அதே கருவைதான் முளைக்கும். நெற்றைத் தின்கிற ஆடு மாடே விதையைச் சாணியில் போட்டு விதைத்துவிடும்.

கரிமூட்டம்:

நான் கமுதிக்காரன். எங்கள் பக்கத்தில் மானாவாரி பொய்த்த வருடங்களில் அடுப்பெரிந்தது இந்தக் கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்ட காசில்தான். அதனால் எனக்கு அதன்மேல் கோபம் வராது. ஆனால் கண்மாய்க்குள் இருக்க வேண்டிய மரம் இல்லை, சரி.

ஒரு வழி சொல்கிறேன். வெட்டுகிற உரிமையை ஊராட்சி மூலமாக முறையாக ஏலம் விடுங்கள். வெட்டுவதோடு நிறுத்தக்கூடாது, தூரையும் (அடிக்கட்டையையும்) கிளப்ப வேண்டும் என்று ஏல நிபந்தனையில் எழுதுங்கள். தரைக்கு மேலே அறுத்துவிட்டால் ஒன்றுக்குப் பத்தாகத் தழையும், வெட்டுகிறவனுக்கு மூன்று வருடத்தில் அடுத்த மகசூல். தரைக்குக் கீழே ஒரு முழம் வரைக்கும் தோண்டித் தூரை எடுத்தால்தான் சாகும். அந்த ஏலப் பணமே பாதிச் செலவுக்கு ஆகும். உங்கள் இயந்திரக்காரர் "கருவையையும் நானே பிடுங்கிக்கொள்கிறேன்" என்றது இரண்டாவது லாபம், கவனியுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

கமுதிக்காரர் சொன்னது முத்து. ஒரு திருத்தம் மட்டும்: கரையின்மேல் நிற்கிற கருவையை இயந்திரத்தால் பிடுங்காதீர்கள். வேர் போன இடம் ஓட்டையாகி அதன் வழியே தண்ணீர் ஊடுருவும். கரையில் இருப்பதை ஆள் வைத்துத்தான் எடுக்க வேண்டும். குழியில் களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து இடித்து மூட வேண்டும். மடைக்கு இரண்டு பக்கமும் எந்த மரமும் வேண்டாம், பனை உட்பட. மற்ற இடத்தில் கரையின் வெளிச்சரிவில் பனை போடுங்கள்.

கீழமடை:

எல்லோருக்கும் நன்றி. ஓவர்சியர் ஐயா கேட்டது உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் எங்கள் சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் வரத்துக்காலை நடந்து பார்த்தோம். மேல்கண்மாயின் உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கிலிருந்து எங்கள் கண்மாய் வாய் வரைக்கும்.

மூன்று இடத்தில் கோளாறு. ஓரிடத்தில் கால்வாயை வேலிக்குள் சேர்த்துத் தென்னை வைத்திருக்கிறார்கள். பனிரெண்டு அடி அகலம் என்று சித்தப்பா சொன்ன கால் அங்கே இரண்டு முழம் வாய்க்கால். இன்னோர் இடத்தில் ஊர்க் குப்பை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மூன்றாவதுதான் அதிர்ச்சி. சில வருடத்துக்கு முன் போட்ட தார் ரோட்டுக்கு அடியில் குழாய்ப் பாலம் வைத்திருக்கிறார்கள். குழாயின் வாய் கால்வாயின் தரையை விட முழங்கால் உயரம் மேலே நிற்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் வந்தாலும் குழாயைத் தொடாமல் பக்கத்துப் பள்ளத்தில் திரும்பி ஓடைக்குப் போய்விடுகிறது. மேல்பக்கம் புல்லும் சருகும் அந்த உயரத்துக்கு வரி போட்டுக் கிடக்கின்றன. அந்த ரோட்டில் நான் எத்தனையோ தடவை வண்டியில் போயிருக்கிறேன்!

குழுவில் போட்டோ போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் துபாயில் இருக்கிற ஒருவர், "அப்போ தோண்டினாலும் நிரம்பாதா?" என்று கேட்டார்.

நாலுமுனை:

தோண்டினாலும் நிரம்பாது. காலியாக இருக்கிற குழி கொஞ்சம் பெரிய குழியாகும், அவ்வளவுதான்.

கடைமடைப் பையன்:

சபாஷ். குழாயை இறக்கி வைக்க ரோடு யாருடையது என்று பாருங்கள், ஒன்றியமா நெடுஞ்சாலையா என்று. ஆக்கிரமிப்புக்கு 1905-ஆம் வருடத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் தென்னை வைத்தவர் பக்கத்து ஊர்க்காரர்தான் என்றால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். எடுத்த எடுப்பில் மனு போட்டால் இரண்டு ஊருக்கும் பகை வந்துவிடும். மேல்கண்மாயிலிருந்துதான் உங்களுக்குத் தண்ணீர் வர வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வன்னிக்குளம்:

வணக்கம், நான் வவுனியா. நாங்கள் கண்மாய் என்று சொல்வதில்லை, குளம்தான். மடையைத் துருசு என்போம், மறுகால் போவதை வான் பாய்வது என்போம். பெயர்கள் வேறானாலும் பிரச்சினை ஒன்றுதான் போலிருக்கிறது.

எங்கட பக்கம் ஒரு குளத்தைத் தனியாகப் பார்க்க மாட்டார்கள். மேலே ஒன்று வான் பாய்ந்து கீழே அடுத்ததற்கு, அது நிரம்பி அதற்கும் கீழே என்று தொடராக இருக்கும். சிங்களத்தில் எல்லங்காவ என்பார்கள். உலக உணவு வேளாண் அமைப்பு இதைப் பாரம்பரிய வேளாண் முறையென்று அங்கீகரித்திருக்கிறது. குளத்துக்கு மேற்பக்கம் நீர் வந்து சேருகிற இடத்தில் ஒரு மரவரிசையும் புற்பட்டையும் விடுவார்கள், அது வண்டலைத் தடுத்துவிட்டுத் தண்ணீரை மட்டும் உள்ளே அனுப்பும். பெரிய குளத்துக்கு மேலே வண்டல் பிடிக்கவே சின்னக் குளம் ஒன்றும் இருக்கும். கட்டுக்கு (கரைக்கு) கீழே, வயலுக்கு முன்னால் இன்னொரு மரச்சோலை, கசிகிற நீரின் உப்பை அது எடுக்கும். போருக்குப் பிறகு திருத்தின குளங்கள் சிலவற்றில் கட்டையும் துருசையும் மட்டும் சீமெந்தில் பளபளப்பாகக் கட்டிவிட்டு இந்த மரங்களை அடியோடு வெட்டிவிட்டார்கள். பிறகு மழைக்கு மழை மண் வந்து விழுகிறது.

அதனால் தூர்வாருவதற்கு முன், தூர் எங்கேயிருந்து வருகிறது என்று பாருங்கள். மேலே தரிசில் மண் அரித்துக்கொண்டிருந்தால் எவ்வளவு வாரினாலும் திரும்ப நிரம்பும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

வன்னித் தம்பிக்கு நன்றி. நம் ஊரிலும் தொடர்தான். இராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று சொல்வார்கள், ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத நீளமாம். அதற்கு மேலும் கீழும் எத்தனை கண்மாய்கள் கோத்துக் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் மடைக்கு மடை நீர்ப்பாய்ச்சி இருந்தான். ராத்திரி மழை பெய்தால் மண்வெட்டியோடு கரையில் நிற்பான். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவன் சொல்தான், பண்ணையாரும் மீற முடியாது. அது போனதில்தான் கண்மாய் போயிற்று. எல்லோரும் கரையில் மண்வெட்டியோடு நின்ற காலம் திரும்பி வர வேண்டும்.

வார்டு உறுப்பினர்:

ஐயா எழுதியதை எல்லாம் படித்தேன், பொறியியல் பக்கம் நான் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் எழுதியதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்லோரும் நிற்கவில்லை ஐயா. குறிப்பிட்ட சில வீட்டு ஆண்கள்தான் நின்றார்கள். எங்கள் தாத்தா நின்றார், அவர் அப்பாவும் நின்றார். எங்கள் குடும்பத்துக்கு அந்த ஆயக்கட்டில் ஒரு செண்டு நிலம் கிடையாது. அறுவடைக்குக் களத்துக்குப் போய் நின்றால் அளந்து போடுவார்கள். சிலர் போடுவார்கள், சிலர் பதரைப் போடுவார்கள், சிலர் "அப்புறம் வா" என்பார்கள். ஊரில் சாவு விழுந்தால் சேதி சொல்லப் போவதும் அவர்தான். எங்கள் அப்பா திருப்பூருக்குப் போனார், நல்ல காரியம் செய்தார். நீர்ப்பாய்ச்சி இல்லாமல் கண்மாய் போனது உண்மை. ஆனால் அந்த வேலைக்குக் கூலி கொடுக்க யாருக்கும் மனசில்லாமல்தான் அது போனது. ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள் கண்மாய்ப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை, அவர்கள்தான் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பாரம்பரியம் பேசுகிறார்கள்.

இப்போது கீழமடை தம்பிக்கு. நீங்கள் வசூலித்த பணத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். மழைக்காலத்தில் மடையையும் கலுங்கையும் பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போடுங்கள். எந்தச் சாதிக்காரரும் விண்ணப்பிக்கலாம் என்று கிராம சபையில் சொல்லிப் போடுங்கள். இரண்டாம் வருடத்திலிருந்து மீன் குத்தகைப் பணத்தில் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதுங்கள். இது இல்லாமல் நீங்கள் எத்தனை லட்சம் செலவு செய்தாலும் மூன்றாவது மழையில் மடை அடைந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

அம்மா சொன்னதற்குப் பதில் இல்லை. எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்தச் செலவுக்குத் தலைப்பே கிடையாது. கரைக்கு, மடைக்கு, கலுங்குக்கு எஸ்டிமேட் போடுவோம், ஆளுக்குப் போட மாட்டோம். 2017-இல் குடிமராமத்து என்று பழைய பெயரிலேயே திட்டம் வந்தபோது விவசாயிகள் பத்து சதவீதம் பங்கு தர வேண்டும் என்று வைத்தார்கள். அந்தப் பத்து சதவீதம் பல இடங்களில் யார் பையிலிருந்து வந்தது என்பதை நான் எழுத வேண்டாம்.

கடைமடைப் பையன்:

மீன் குத்தகை என்றதும் ஒன்று. ஏலம் எடுக்கிறவர் தண்ணீர் வற்ற வற்றத்தான் லாபம் என்று மடையைத் திறந்துவிடுவார். மடைச் சாவி குத்தகைதாரரிடம் போகக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி விடக்கூடாது என்றும் எழுதுங்கள். அது தடை செய்யப்பட்ட மீன், விரால் குஞ்சு, அயிரை எதையும் மிச்சம் வைக்காது.

கீழமடை:

எங்கள் ஊரில் குத்தகைக்கு விடுவதில்லை. சித்திரை, வைகாசியில் அழி கண்மாய்தான். பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினதும் ஊத்தா, கச்சா, கொசுவலை, சேலை என்று கையில் கிடைத்ததோடு பக்கத்து ஊர் சனமும் இறங்கும். பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது என்பது கட்டு. அந்த நாளில் தெருத்தெருவாக மீன்குழம்பு வாசம் வரும். அதைக் குத்தகை ஆக்கச் சொன்னால் ஊரே என்னை அடிக்கும்!

வார்டு உறுப்பினர்:

ஆக்க வேண்டாம். அதை விட்டுவிடுங்கள். கருவை ஏலத்தில் வருகிற பணத்தில் ஒதுக்குங்கள், அல்லது ஆயக்கட்டுக்காரர்களிடம் ஏக்கருக்கு இவ்வளவு என்று வாங்குங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்காரரிடம் கூடுதலாக வாங்குங்கள், கண்மாய் நிரம்பினால்தான் அவருக்கும் ஊறும்.

மேலூரான்:

நான் அரிட்டாபட்டிக்குப் பக்கத்து ஊர். எங்கள் கதை பெரிது, ஆனால் உங்களுக்கு உதவுகிற ஒரு விஷயம் இருக்கிறது.

2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. அப்போது ஊரில் பலர் "போர்டு நட்டால் என்ன வந்துவிடப் போகிறது" என்றார்கள், நானும் அந்தக் கட்சிதான். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை முடித்தது, 2,000 ஹெக்டேருக்கு மேல், அதற்குள் இந்தத் தலமும் வந்தது. அப்போது ஊர் ஊராகக் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டோம். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தோம். 23-ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்தார்கள். நடந்ததால்தான் ரத்து ஆனது, அதில் சந்தேகமில்லை. ஆனால் வல்லூறு, தேவாங்கு, குடைவரைக் கோயில், தமிழி கல்வெட்டு, இத்தனை ஏரி, இத்தனை சுனை என்று முன்னாலேயே எழுதி வைத்த காகிதம் கையில் இருந்ததால் எங்களிடம் "அங்கே என்ன இருக்கிறது, வெறும் பாறைதானே" என்று யாரும் சொல்ல முடியவில்லை.

அதனால் உங்கள் ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு பெயரளவில் இருக்கும், 2002 சட்டப்படி இருந்தாக வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். பறவைக்கார அக்கா பட்டியல் கொடுத்தால் அதில் ஏற்றுங்கள். மீன், மரம், கண்மாயின் எல்லைக்கல், வரத்துக்காலின் அகலம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

நத்தைகுத்தி:

பட்டியல் நான் எடுத்துத் தருகிறேன், தம்பி தேதி சொன்னால் போதும். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கூடு எங்கே என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆப்பநாட்டான்:

எல்லாம் சரி, கண்மாய் நடுவில் மண் திட்டு போட்டுக் குறுங்காடு வைப்பதுதான் இப்போது எல்லா ஊரிலும் செய்கிறார்கள். வீடியோவில் பார்க்க அருமையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

டிரோனில் பார்க்க அருமைதான். வெட்டின மண்ணை வெளியே கொண்டுபோக டீசல் செலவு என்பதால் நடுவில் குவிக்கிறார்கள். அந்தத் திட்டின் அளவுக்குத் தண்ணீர் குறையும். எண்பது ஏக்கர் பாய்கிற சின்னக் கண்மாயில் வேண்டாம்.

நத்தைகுத்தி:

இதில் நான் ஐயாவோடு மோதுகிறேன். கருவையை எடுத்துவிட்டால் பறவைக்குக் கூடு கட்ட இடம் வேண்டும். ஒரே ஒரு சின்னத் திட்டு, அதில் நாட்டுக்கருவேலமும் நீர்மருதும், அவ்வளவு போதும். குறுங்காட்டில் வைக்கிற நூறு வகைச் செடியில் தொண்ணூறு, வருடத்தில் மூன்று மாதம் வேர் தண்ணீரில் நின்றால் செத்துவிடும், அதை வேண்டாம் என்று சொல்லுங்கள். எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். வேடந்தாங்கலில் ஊர்க்காரர்கள் 1798-லேயே கலெக்டர் பிளேஸிடம் போய்ப் பறவையைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கினது பாசத்தில் மட்டுமில்லை, விளைச்சலுக்காகவும்தான்.

கரிமூட்டம்:

அக்கா சொல்வது போல் செய்யலாம். கருவையையும் மூன்று பாகமாகப் பிரித்து வருடத்துக்கு ஒன்று எடுங்கள். கூடு இருக்கிற பாகம் கடைசி. அதற்குள் வைத்த கன்று எழுந்துவிடும்.

கீழமடை:

மே 1 கிராம சபை முடிந்தது. சண்டை நன்றாகவே நடந்தது. தீர்மானம் இப்படி: மண் வெளியே போகாது. ஆயக்கட்டுக்காரர்கள் தாசில்தார் அனுமதியோடு அவரவர் நிலத்துக்கு வண்டல் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றியப் பொறியாளர் மட்டம் எடுத்துக் குறித்த பிறகுதான் இயந்திரம். எங்கள் பணம் முதலில் அடைபட்ட மடைக்கும் வரத்துக்காலுக்கும். கருவை மூன்று வருடத்தில், கிழக்குப் பக்கக் கூட்டு மரங்கள் கடைசியில். திட்டு பற்றி முடிவாகவில்லை, ஓட்டு சரிபாதி. மடை பார்க்க ஆள் போடுவதற்கு எதிர்ப்பே இல்லை, சம்பளம் எவ்வளவு என்றதும்தான் குரல் உயர்ந்தது. ஐந்து மாதத்துக்கு மட்டும் என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தென்னைக்காரரை நேரில் பார்த்தோம். பட்டாவைக் காட்டுகிறார். கால்வாய் அவர் பட்டாவுக்குள் வருகிறதா, புறம்போக்கா என்பது எங்களுக்குத் தெளிவாகவில்லை. என்ன வாங்கிப் பார்க்க வேண்டும்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:

புலப்பட (நில அளவை வரைபட) நகலும், கிராம நிலங்களின் பதிவேடான அ-பதிவேட்டுப் பக்கமும். அ-பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே வாய்க்கால் என்று இருந்தால் பேச்சு முடிந்தது. வாய்க்கால் தனி உட்பிரிவாக இல்லாமல் அவர் புலத்துக்குள்ளேயே ஓடினால் பழைய கிராம வரைபடத்தையும் எடுங்கள். சர்வேயரை வைத்து அளக்கும்போது அவரையும் கூட நிறுத்துங்கள், முதுகுக்குப் பின்னால் கல் நட வேண்டாம். இரண்டு வரிசைத் தென்னைக்கு அடியில் குழாய் பதித்துத் தண்ணீரைக் கடத்தலாம் என்று அவரே சொல்லுவார். அகலமான குழாயாக, தரை மட்டத்தில் என்றால் தற்காலிகமாக ஒத்துக்கொள்ளுங்கள், ஐப்பசிக்குள் தண்ணீர் வர வேண்டும். ரோட்டுக் குழாய் விஷயத்தை விடாதீர்கள், அதுதான் முதல் வேலை.

கீழமடை:

நகலுக்கு எழுதிப் போட்டுவிட்டோம். குழாய்ப் பாலத்துக்கு மனு கொடுத்து ரசீது வாங்கியாயிற்று.

ஒரு தகவல். அந்த இயந்திரக்காரர் இப்போது எங்களுக்குக் கீழே இருக்கிற கண்மாய்க்காரர்களிடம் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறாராம், அங்கே ஏறக்குறைய சம்மதித்துவிட்டார்கள் என்று கேள்வி. சிங்கம்புணரி, திருப்பத்தூர் வட்டாரத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த இழையை உங்கள் ஊர்க் குழுவில் போடுங்கள்.